பயனற்ற பட்டமும் பயனுள்ள தொப்பியும்

உண்ண உதவாத, உடுக்க உதவாத, விற்றுப் பொருளீட்டவும் உதவாத ஒரு பொருளை வாரக்கணக்காகக் கண்விழித்துச் செய்வது தக்கதோ? இவ்வினா விளையாட்டாகத் தோன்றலாம். ஆயினும் உழைப்பைப் பற்றியும் ஓய்வைப் பற்றியும் நாம் கொண்டிருக்கும் கருத்துக்கள் எத்துணை உறுதியானவை என்பதை இச்சிறு வினா சோதித்துவிடும்.

வினாவை எழுப்பும் காட்சி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கின்றது. ஆண்டுதோறும் தைப்பொங்கல் நாளின் பிற்பகலில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடைபெறுகின்றது. மார்கழி, தை மாதங்களில் கடலிலிருந்து வாடைக்காற்று வீசும். அக்காற்றை நம்பி, இளைஞர்கள் மூங்கிலைப் பிளந்து, சீவி, கட்டி, தாள் ஒட்டி, பறவையாகவும் விலங்காகவும் கப்பலாகவும் விமானமாகவும் அமைத்த பட்டங்கள் அன்று வானேறுகின்றன. கொக்குப் பட்டம், எட்டுமூலைப் பட்டம், வௌவால் பட்டம் என்று ஊர்ச் சிறுவர் காலங்காலமாகச் செய்துவந்த எளிய பட்டங்களின் வழிவந்த கலையே இது. குடாநாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து பார்க்கின்றனர். பொழுது சாய்ந்ததும் திருவிழா முடிந்துவிடும். பல வாரத்து உழைப்பு சில மணிநேரம் காற்றில் நின்றது என்பதைத் தவிர வேறு விளைவு எதுவும் இல்லை.

போரினால் இடிந்த வீடுகள் இன்னும் முற்றாக எழும்பாத, வேலையற்ற இளைஞர் கூட்டம் பெருகியிருக்கும் ஒரு நாட்டில் இவ்வளவு உழைப்பையும் காற்றில் விடலாமா என்று கேட்போர் உண்டு. அவர்களை வறட்டு மனிதர் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. அவர்களுக்குப் பழைமையான, மதிக்கத்தக்க ஒரு முன்னோடி இருக்கின்றார்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டளவில் சீனாவில் வாழ்ந்த மோ ட்ஸு என்ற தத்துவஞானியைப் பற்றி ஒரு செய்தி அவர் பெயரால் வழங்கும் நூலில் வருகின்றது. கொங்ஷு பான் என்ற பெருந்தச்சன் மூங்கிலாலும் மரத்தாலும் ஒரு பறவையைச் செய்து பறக்கவிட்டான். அது மூன்று நாட்கள் தரையிறங்காது நின்றதாம். தச்சன் தன் திறமையை வியந்து நின்றபோது, மூன்றங்குல மரத்தைக் கணப்பொழுதில் செதுக்கி வண்டிக்கு அச்சாணி செய்யும் சாதாரணத் தொழிலாளிக்கு நீ ஈடாகமாட்டாய் என்றார் மோ ட்ஸு. அச்சாணி பெரும்பாரத்தைத் தாங்குகின்றது. மக்களுக்கு உதவுவதே திறமை, உதவாதது திறமையின்மை என்பது அவர் முடிபு. பட்டத்தின் வரலாற்றைச் சொல்வோர் பலர் இம்மரப் பறவையிலிருந்தே தொடங்குகின்றனர். பட்டம் பிறந்தபோதே அதன்மீது குற்றச்சாட்டும் பிறந்துவிட்டது போலும்!

மோ ட்ஸுவின் கட்சி எளியோர் கட்சி. அரசர்கள் இசைக்கும் ஆடம்பரச் சடங்குக்கும் செலவிட்ட பொருள் உழவனின் பசியிலிருந்து பறிக்கப்பட்டது என்பதைத் துணிந்து சொன்னவர் அவர். அச்சாணியின் பெருமை நமக்கும் புதிதன்று; உருவத்தாற் சிறியதை இகழலாகாது என்பதற்கு வள்ளுவரும் தேரின் அச்சாணியையே சான்றாக வைத்தார். ஆகவே பட்டம் கட்டுவோர் பக்கம் நின்று பேச விரும்பும் நாம், உழைக்கும் மக்களின் பெயரால் எழும் இந்தக் குற்றச்சாட்டுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

எளிதான விடை ஒன்று உண்டு. பட்டமும் பயனுள்ளதே என்று சொல்லிவிடலாம். 1893இல் அவுஸ்திரேலியாவில் லோரன்ஸ் ஹார்கிரேவ் அமைத்த பெட்டிப் பட்டம் ஆரம்பகால விமானங்களின் அமைப்புக்கு வழிகாட்டிற்று. 1899இல் ரைட் சகோதரர்கள் தமது சிறகமைப்பை முதலில் ஒரு பட்டத்திலேயே சோதித்தனர். 1901இல் மார்க்கோனி அத்திலாந்திக் கடல் கடந்து வந்த வானொலிச் சைகையைப் பெறுவதற்குத் தம் கம்பியைப் பட்டத்தால் உயர்த்தினார். இவை யாவும் உண்மையே. திருவிழாவினால் சுற்றுலா வளரும், கடைகளுக்கு வியாபாரம் நடக்கும் என்று சொல்வதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. விளையாட்டைக் காப்பதற்காக அதனை விஞ்ஞானத்திற்கோ வாணிபத்திற்கோ வேலையாளாக அமர்த்திவிட்டால், அவ்விரண்டுக்கும் உதவாத நாளில் அதனைத் துரத்திவிடலாம் என்று ஒப்புக்கொண்டவராவோம். பட்டத்தின் நியாயம் பட்டத்திலேயே இருத்தல் வேண்டும்.

அந்த நியாயத்தை அறியப் பட்டம் கட்டுபவனின் கைகளை நோக்குதல் தகும். சிலாகையை எவ்வளவு சீவினால் வளையும், எவ்வளவு சீவினால் முறியும் என்பதை அவன் விரல் அறியவேண்டும். இரு சிறகும் ஒரே நிறையாய் இராவிடின் பட்டம் ஒருபுறம் சரியும். முச்சை கட்டுவதில் ஓர் அங்குலம் பிசகினாலும் அது தலைகீழாகக் குத்தும். வால் நீண்டால் எழாது, குறைந்தால் நில்லாது. ‘விண்’ கட்டுபவன் அந்நாரை எவ்வளவு இழுத்துப் பூட்டினால் அது வானில் நின்று கூவும் என்பதைக் காதால் அறியவேண்டும். பிழையைக் காற்று உடனே காட்டிவிடும். அவன் பட்டத்தை இறக்கி, அவிழ்த்து, மறுபடியும் கட்டுகின்றான். கூலி தருவார் இல்லை. பிரம்பு பிடிப்பார் இல்லை. எதைச் செய்வது, எப்படிச் செய்வது, எப்போது முடிந்தது என்று தீர்மானிப்பவன் அவனே. திட்டமிடும் மூளையும் செய்யும் கையும் ஒரே மனிதனிடம் இருக்கின்றன.

விலங்கு உடனடித் தேவைக்காகவே ஆக்குகின்றது என்றும், மனிதனோ அத்தேவையினின்று விடுபட்ட நிலையிலும் ஆக்குகின்றான், அந்நிலையிலேயே உண்மையாக ஆக்குகின்றான் என்றும், அழகின் விதிகளுக்கு இயையவும் அவன் பொருளுக்கு உருவளிக்கின்றான் என்றும் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் எழுதினார். இருபத்தாறு வயது இளைஞர் எழுதிய அக்கருத்து 1932இல்தான் முழுமையாக அச்சேறிற்று. உழைப்பு என்பது இயல்பிலேயே ஒரு சாபம் என்று அவர் கருதவில்லை. உழைப்பவனிடமிருந்து உழைப்பின் பொருளும் போக்கும் பறிக்கப்படுவதனாலேயே அது சாபமாகின்றது. அப்பறிப்பு நிகழாத உழைப்பு எப்படியிருக்கும் என்று மாணவர் கேட்பாராயின், ஆசிரியர் நூலகத்திற்குப் போகவேண்டியதில்லை. பட்டம் கட்டும் ஒரு கொட்டிலைக் காட்டினாற் போதும்.

கையால் ஆக்குவதெல்லாம் இன்பமாகிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. குடாநாடு மறக்கவியலாத ஓர் எடுத்துக்காட்டு நம்மிடம் உண்டு. 1990இற்குப் பின் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் யாழ்ப்பாணத்தை இருளில் ஆழ்த்திய ஆண்டுகளில், மக்கள் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, திரியிட்டு, சிக்கன விளக்குச் செய்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவ்விளக்கொளியில் ஒரு தலைமுறை படித்துத் தேறியது. அக்கைத்திறன் போற்றத்தக்கதே. எனினும், மீண்டும் அந்த விளக்கைச் செய்யும் காலம் வரட்டும் என்று யாரும் வேண்டமாட்டார். இல்லாமையின் கட்டாயத்தால் செய்ததை வீரம் என்று புகழ்ந்து, இல்லாமையை உண்டாக்கியவர்களை மறந்துவிடுதல் தவறாகும். அதே ஆண்டுகளில் குழந்தைகள் வானத்தை நோக்கியது குண்டுவீச்சு விமானம் வருகின்றதா என்று பார்ப்பதற்காக. 2009இல் போர் முடிந்தபின் பிறந்த குழந்தைகள் அதே வானத்தைப் பட்டம் பார்ப்பதற்காக நோக்குகின்றனர். வானம் அச்சத்தின் இடமாயிராது ஆனந்தத்தின் இடமாயிருப்பது ஓர் உரிமை. அதனை அற்பமென்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

உலகத்தின் வேறு மூலைகளிலும் இவ்வுண்மை அறியப்பட்டிருக்கின்றது. 1996 முதல் 2001 வரை ஆப்கானிஸ்தானை ஆண்ட தலிபான்கள் பட்டம் விடுதலைத் தடைசெய்தனர். 2011 ஜூலையில் முற்றுகையிடப்பட்ட காசாவின் கடற்கரையில் குழந்தைகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டங்களை ஒரே வேளையில் ஏற்றி உலக சாதனை நிலைநாட்டினர். பயனற்ற பொருளாயின் ஆள்வோர் அதற்கு அஞ்சுவானேன்? அடக்கப்பட்டோர் அதனைக் கையில் எடுப்பானேன்? தாமே தீர்மானித்துத் தாமே செய்யும் பழக்கம் ஒரு நூலளவு இடங்கிடைத்தாலும் வளரும் என்பதை இரு தரப்பாரும் உணர்ந்திருக்கின்றனர்.

இனி, குடாநாட்டின் மற்றொரு கைவேலையை நோக்குவோம். பனை நமது மண்ணின் மரம். அதன் ஓலையால் கடகம், பெட்டி, சுளகு, பாய், நீத்துப்பெட்டி ஆகியன இழைப்பதைப் பன்னவேலை என்பர். வெயிலுக்குத் தொப்பியும் இழைப்பர். 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோற்றுவிக்கப்பட்ட பின் இத்தொழிலுக்குப் பயிற்சியும் விற்பனை வழியும் ஓரளவு ஏற்பட்டன. ஓலைத் தொப்பிக்கு வேண்டிய திறமை பட்டத்துக்கு வேண்டியதிற் குறைந்ததன்று. குருத்தோலையைத் தெரிந்து, உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, சாயமேற்றி, நீண்ட பின்னலாக இழைத்து, அப்பின்னலைச் சுற்றிச்சுற்றித் தைத்துத் தலையின் வடிவுக்குக் கொண்டுவரவேண்டும். மோ ட்ஸுவின் அளவுகோலின்படி பார்த்தால் தொப்பி பட்டத்தினும் மேலானது. அது மனிதனை வெயிலிலிருந்து காக்கின்றது.

ஆயினும் தொப்பி இழைக்கும் பெண்ணின் முகத்தில் பட்டம் கட்டும் இளைஞனின் களிப்பைக் காண்பது அரிது. இது ஏன்? ஓலையில் குறையில்லை, கையில் குறையில்லை. இத்தனை தொப்பி, இந்த நிறம், இந்த விலை என்று தீர்மானிப்பவர் வேறு ஒருவர். அவள் இழைத்தது கடையில் தொங்கி, ஊர் பார்க்க வந்தவர் தலையில் ஏறுகின்றது. அவளோ தோட்டத்து வெயிலில் நிற்கும்போது பெரும்பாலும் பழந்துணியொன்றைத் தலையில் போட்டுக்கொள்கின்றாள். விரைந்து இழைத்தாலன்றி அன்றைய உலைக்கு அரிசி இல்லை; ஆதலால் புதுமாதிரியாக ஒரு தொப்பி இழைத்துப் பார்ப்போமே என்று அவள் எண்ணுவதற்கு நேரமும் இல்லை. பயனுள்ள பொருளைச் செய்பவளுக்கு இன்பமில்லை. பயனற்றதைச் செய்பவனுக்கு இன்பம் உண்டு. மோ ட்ஸு கேட்க மறந்த வினா இங்கே எழுகின்றது. பொருள் யாருக்குப் பயன்படுகின்றது என்று கேட்ட அப்பெரியார், செய்கின்ற வேலை செய்பவருக்கு என்ன செய்கின்றது என்று கேட்கவில்லை.

பட்டத்திற்கும் தொப்பிக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. பட்டம் கட்டுதல் எவருக்கும் குலத்தொழிலாக விதிக்கப்படவில்லை. மீனவர் மகனும் கமக்காரர் மகனும் ஆசிரியர் மகனும் கட்டலாம். கட்டுபவனை அது இழிவுபடுத்துவதில்லை. பனையைச் சார்ந்த தொழில்களோ அவ்வாறில்லை. கள்ளிறக்குவோர் தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டனர்; பன்னவேலை ஏழைப் பெண்களின் பிழைப்பென்று தாழ்த்திப் பார்க்கப்பட்டது. 1966 முதல் யாழ்ப்பாணத்தில் எழுந்த தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்கள் தேநீர்க் கடைகளின் கதவையும் கோயில்களின் கதவையும் தட்டித் திறந்தன. கையுழைப்பின்மீதுள்ள இகழ்ச்சி என்னும் கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் உயிரினும் மேலாகப் போற்றும் பட்டம் பல்கலைக்கழகம் தருவது. அந்தப் பட்டத்திற்காகவே பிள்ளை அதிகாலையில் ஒரு ரியூசனுக்கும் மாலையில் இன்னொரு ரியூசனுக்கும் ஓடுகின்றான். மூங்கிற் பட்டத்தை அவன் கட்டுவானாயின் படிப்பைக் கெடுத்தான் என்பர். ஓலையை எடுத்தானாயின் இன்னும் கடுமையாகச் சொல்வர்.

இதற்கு மாற்றாகக் கைத்தொழிலைப் பாடசாலையில் புகுத்திவிட்டால் போதும் என்பாரும் உளர். இங்கே எச்சரிக்கை வேண்டும். 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம், பிள்ளை அரைநாள் பள்ளியிலும் மற்ற நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழகவேண்டும் என்றது. மக்கள் அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராஜர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் கற்பதை மக்கள் வெறுத்தார்களில்லை. பிறப்பினால் ஒருவனுக்கு இன்ன தொழில் என்று எழுதிவைப்பதை வெறுத்தார்கள். தச்சன் மகன் உளியையும் குருக்கள் மகன் புத்தகத்தையும் பிடிக்கவேண்டுமாயின் அது சிறை. எல்லாப் பிள்ளைகளும் உளியையும் புத்தகத்தையும் பிடித்துப் பார்ப்பார்களாயின் அது கல்வி.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு யோசனையை முன்வைக்கின்றோம். பட்டத்துக்கு ஒரு நாள் இருப்பதுபோல, பொங்கலை ஒட்டிய விடுமுறையிலோ தவணை முடிவிலோ, தொப்பிக்கும் ஒரு நாள் இருக்கட்டும். அன்று பாடசாலையில் ஒவ்வொருவரும் தத்தம் தொப்பியைப் பனையோலையால் தாமே இழைத்துத் தலையில் வைத்துக்கொள்ளட்டும். கோமாளித் தொப்பியாயினும் குற்றமில்லை. கோபுரம் போன்ற தொப்பியாயினும் குற்றமில்லை. காகம் வந்து கூடு கட்டத்தக்க தொப்பியாயினும் நன்றே. அதிபரின் தலையிலும் சிற்றூழியரின் தலையிலும் கோணல்மாணலான ஓலைத் தொப்பி இருக்குமானால், தலைக்குத் தலை உயர்வு தாழ்வு காணும் நமது பழக்கம் ஒரு பகற்பொழுதேனும் சிரிப்புக்கு இடமாகும்.

இந்நாள் வெறும் வேடிக்கையாய் முடிந்துவிடாதிருக்கச் சில நியதிகள் வேண்டும். முதலாவது, அன்றைக்கு ஆசிரியராக வருபவர் அயலில் பன்னவேலை செய்யும் பெண்ணாயிருத்தல் வேண்டும். அவரை வேலைக்காரியாக அழைத்து ஓலையை வார்ந்து தரச் சொல்லலாகாது. ஆசிரியரின் கதிரையில் அமர்த்தி, வருகைதரும் விரிவுரையாளருக்குக் கொடுக்கும் மதிப்பையும் ஊதியத்தையும் கொடுத்தல் வேண்டும். நாட்கூலிக்கு உழைப்பவருக்கு விடுமுறை என்பது கூலியில்லா நாள் என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று. இரண்டாவது, ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒருங்கே இழைத்தல் வேண்டும். பட்டம் ஆணுக்கு, பாய் பெண்ணுக்கு என்ற பிரிவினை காற்றும் ஓலையும் வகுத்ததன்று. மூன்றாவது, கடையில் வாங்கிய தொப்பிக்கும் பெற்றோர் செய்து கொடுத்த தொப்பிக்கும் அன்று இடமில்லை. பரிசும் வேண்டியதில்லை. பரிசு வந்த இடத்தில் பிள்ளையின் கண் ஓலையை விட்டு நடுவரின் முகத்துக்குப் போய்விடும்.

இத்தகைய நாளொன்றினால் தொப்பி இழைக்கும் பெண்ணின் கூலி ஓர் உரூபாவேனும் உயர்ந்துவிடுமா என்று கேட்கலாம். உயராது. கூலி உயர்வதற்குச் சங்கமும் கூட்டுறவும் போராட்டமும் வேண்டும். விளையாட்டு அவற்றின் இடத்தை நிரப்பமாட்டாது. எனினும் ஒரு பகல் முழுதும் முயன்றும் பின்னல் நேராக வராமல் விரலைக் கீறிக்கொண்ட மாணவன், பிறகு சந்தையில் ஓலைத் தொப்பிக்குப் பேரம் பேசும்போது வாய் திறக்கச் சற்றுத் தயங்குவான். அத்தயக்கம் சிறியது. ஆயினும் உழைப்பின் விலையை விரலால் அறிந்தவனிடமே அது பிறக்கும். நாளை அப்பெண்கள் நியாயமான விலை கேட்டு எழும்போது அவர்கள் பக்கம் நிற்பதற்கு அது ஒரு தொடக்கமாகும்.

ஓய்வு செல்வர்க்கு மட்டும் உரியதென்ற கருத்தைத் தொழிலாளர் இயக்கம் ஒருபோதும் ஏற்றதில்லை. எட்டு மணிநேரம் உழைப்பு, எட்டு மணிநேரம் உறக்கம், மிகுந்த எட்டு எமது விருப்பத்துக்கு என்பதே 19ஆம் நூற்றாண்டுத் தொழிலாளரின் முழக்கம். மார்க்ஸின் மருமகனான பால் லஃபார்க் 1880இல் சோம்பியிருக்கும் உரிமைக்காக ஒரு நூலே எழுதினார். இலங்கையில் 1956இல் மே தினம் அரச விடுமுறையானது அந்த நெடிய போராட்டத்தின் ஒரு பயன். மூன்றாவது எட்டு மணிநேரத்தில் மனிதன் என்ன செய்வான் என்று முதலாளிகள் ஏளனமாகக் கேட்டனர். குடித்துக் கெடுவான் என்று அவர்களே விடையும் சொல்லிக்கொண்டனர். வல்வெட்டித்துறையின் வானம் வேறு விடை சொல்கின்றது. நேரமும் பொருளும் உரிமையும் கையிற் கிடைத்த மனிதன் எதையேனும் ஆக்குவான், அழகாக ஆக்குவான், ஆக்கியதை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவான்.

மோ ட்ஸுவுக்கு நாம் சொல்லும் விடை இதுவே: அச்சாணியைச் செய்யும் கை பறவையையும் செய்ய விரும்புகின்றது. அவ்விருப்பத்தை ஆடம்பரம் என்று வெட்டிவிட்டால் எஞ்சுவது பாரம் தாங்கும் ஆணி மட்டுமே. மனிதனும் அவ்வாணியைப் போல ஆகிவிடுவான். ஆகவே பட்டம் கட்டுவோரைப் பார்த்து, வீணாக்குகின்றீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அவர்கள் ஒரு நாளில் அடையும் அந்த உரிமை, ஓலை வாருபவளுக்கும் வலை பின்னுபவனுக்கும் மண் கொத்துபவனுக்கும் அவரவர் வேலையிலேயே நாள்தோறும் கிடைக்காதது ஏன் என்று கேட்கவேண்டும். அக்கேள்வியை விடாது கேட்கும் தலைமுறையொன்றை வளர்ப்பது ஆசிரியர்களின் கடமை. கேட்பது மாணவர்களின் கடமை.